பிக்காவின் குளிர்கால வைக்கோல்

திருட்டுக் கொடுத்தது கைக்குள் அடங்கும் ஒரு பிராணி. திருடியவர் எங்கள் பிளாக்கில் மாடி வீட்டில் இருந்தவர். நடந்த இடம் லடாக்கில் ஒரு கணவாய். பொருள் வந்து சேர்ந்த இடம் நெய்வேலி. பத்து வருடத்துக்கு மேல் செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்தவன் நான். இப்படி ஒரு செய்தி என் மேசைக்கு வந்திருந்தால் சிரித்துவிட்டு ஓரமாக வைத்திருப்பேன். இப்போது நானே எழுதுகிறேன், கோபம் ஆறவில்லை என்பதால்.

குவார்ட்டர்ஸ் என் மனைவி பெயரில். அவள் சுரங்க நிறுவனத்தில் பெர்மனென்ட். வேலையை விட்டுவிட்டு வந்த நான், அவளுடைய எல்.டி.சி. படிவத்தில் அவளைச் சார்ந்தவன். 2010களின் நடுவில் ஒரு செப்டம்பரில், அந்தப் பயணச் சலுகையில் பிளாக்கின் நான்கு குடும்பங்கள் லடாக் போனோம். தலைவர் மாடி வீட்டுக்காரர்தான். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு, ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து போட்டுத் தருவார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் பிளாக்கின் எல்லா வீட்டுக்கும் எதையாவது கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். திருப்பதி லட்டு கீழ் வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் போகும். அவர்கள் மக்காவுக்கு உம்ரா போய்க் கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர் எங்கள் பூஜை அலமாரியில் இருந்தது. வேளாங்கண்ணி எண்ணெய் எல்லார் வீட்டிலும் உண்டு. லடாக்கிலிருந்து என்ன கொடுப்பது என்பது மாடி வீட்டுக்காரருக்கு மூன்றாம் நாளே கவலையாகிவிட்டது. "வெறுங்கையோட போயி நின்னா நல்லா இருக்குமா சார்?" என்று வேனில் இரண்டு முறை கேட்டார்.

கணவாய்க்கு அருகே டயரைப் பார்க்க டிரைவர் வேனை நிறுத்தினார். பாறைகளுக்கு நடுவே அது ஓடியது. முயலின் உறவு, காது வட்டம், வால் கிடையாது, உடம்பு மண் நிறம். வாயில் பூவோடு ஒரு புல் கொத்து. எங்கள் ஆட்கள் எலி என்று கத்தினார்கள். பிக்கா என்ற பெயரை நானே பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். டிரைவர் அந்த ஊர்க்காரர். அவர் இந்தியில் சொன்னதை மொழிபெயர்த்தவன் நான்: "கோடை பூரா புல்லு அறுத்துக் காயவெச்சு பாறைக்கு அடியில சேக்குமாம். பனி மூடினா வெளிய ஒண்ணும் கிடைக்காது. அது தூங்கவும் தூங்காது. இதத்தான் தின்னுமாம். நல்ல செடியா பாத்துப் பாத்து எடுக்குமாம்."

கடைசி வாக்கியத்தை மட்டும் மாடி வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "அப்ப மூலிகை சார் இது!"

முறுக்கு காலியான துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பாறை இடுக்கில் கையை விட்டார். காய்ந்த புல், தண்டு, பூ எல்லாம் அடுக்கடுக்காக வந்தது, மடித்த துணி மாதிரி. இரண்டு பேர் உதவிக்குப் போனார்கள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதையும் தடுப்பதற்கு முன் படம் எடுப்பது என் தொழில் எனக்குக் கொடுத்த வியாதி. டிரைவர் ஓடிவந்து, "வைத்துவிடுங்கள்" என்றார். அதைப் புரிந்துகொள்ள இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாடி வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அவரிடம் முறுக்கு ஒன்றை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

வேன் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிக்கா காலி இடுக்குக்கு வந்தது. வாயிலிருந்த கொத்தை உள்ளே வைத்தது. அடுத்ததை எடுக்க ஓடியது. நான் "நிறுத்துங்கள்" என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை புல் உறைகளில் பிரிந்தது. உறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் "இமயமலை மூலிகை". பிளாக்கில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. மாடிப்படியில் நின்று மருந்தளவு சொன்னார்: "ஒரு சிட்டிகை, கொதிக்கிற தண்ணில. வெறும் வயித்துல."

"மாத்திரைய நிறுத்திடலாமாங்க?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"அத டாக்டர கேளுங்க. நான் அவ்ளோ பெரிய ஆளா?" என்று அடக்கமாகச் சொன்னார். அந்த அடக்கத்தைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய், அது ஒரு பிராணியின் சாப்பாடு, மருந்தில்லை என்று சொல்லி உறைகளைத் திருப்பிக் கேட்டேன். எல்லோரும் கொடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக் கொடுத்தார்கள். கீழ் வீட்டம்மா, "கூச்சப்படாதீங்க தம்பி, எங்க வூட்டு பங்கயும் சேத்து குடிங்க" என்றார். மனைவி கதவருகே நின்று, "இத என்ன பண்ணப் போறீங்க? கூரியர்ல அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். உறைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டேன். மாடி ஏறினேன்.

அவர் பையைப் பார்த்தார். முகம் மாறியது.

"நான் என் கையால குடுத்தத போயி வாங்கிகினு வந்தீங்களா? எத்தினி வருஷமா ஒண்ணா இருக்கோம் சார்?"

"இது நீங்க குடுக்கற பொருள் இல்ல. அது வாயால ஒவ்வொண்ணா கொண்டுவந்து சேத்தது."

"எலி சார் அது! வேற புல்லா இல்ல அந்த மலையில? புடுங்கிக்கும்."

"செப்டம்பர் முடியப்போவுது. எப்பப் புடுங்கும்?"

"அவ்ளோ இருந்தா அங்கியே சொல்லியிருக்கணும். நீங்கதான ஃபோட்டோ புடிச்சிகினு நின்னீங்க?"

உண்மை. அதனால் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. பையை அவர் வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். மறுநாள் அது பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் அவருடைய மச்சான் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கேயும் சர்க்கரை உண்டு.

அக்டோபரில் ஒரு காலை, பேப்பரின் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் ஒரு துணுக்கு: லடாக்கில் கடும் பனி, கணவாய்ச் சாலை மூடல். இப்படிப்பட்ட துணுக்குகளை இடம் போதாமல் இரண்டு வரியாக வெட்டி எறிந்த கை இது. பனியன், லுங்கியோடு பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து டிவி முன்னால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசியது அன்றுதான். நின்றபடியே முழுதும் படித்துக் காட்டினேன்.

"அய்யய்யோ," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "ரோட்டுல யாராச்சும் மாட்டிகினாங்களா சார்?"

"யாரும் இல்ல."

"நல்லவேளை. அப்ப யாருக்கும் ஒண்ணும் இல்லல்ல?"

யாருக்கு என்று சொன்னேன். குரலை உயர்த்தாமல், ஒரு வாக்கியத்தில் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "ஏம்மா, சாருக்கு ரெண்டு இட்லி வையி" என்றார்.

நான் சாப்பிடாமல் இறங்கிவிட்டேன்.