கரையில் நின்றவர்களின் பக்கங்கள்

குணரத்தினம் அண்ணை இறந்துபோன செய்தி வந்தபோது, புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மோர்னிங்சைட் பகுதியில் மரக்கறிக் கடை வாசலில் நின்றிருந்தேன். அவருடைய மகள்தான் அழைத்தாள். "அங்கிள், அப்பா இஸ் கோன்," என்றாள். பிறகு, "உங்களுக்குச் சொல்லுறதோ எண்டு அம்மா யோசிச்சவ." யோசித்ததில் பிழையில்லை. நானும் அவரும் கதைத்து இரண்டு வருடம்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் ஓயாமல் ஆராய்ந்த கப்பலையும் தெரிந்திருக்கும். விக்டோரியா ராணி காலத்துப் பிரித்தானியப் போர்க்கப்பல்; இரு பக்கமும் சக்கரம் சுழன்று ஓடும் நீராவிக் கப்பல். முன்னர் கப்பல்களின் இயந்திர அறையில் உழைத்தவர் அண்ணை. இங்கே தொழிற்சாலை வேலையால் வந்ததும் சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீட்டில், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அந்தக் கப்பலின் அன்றாடக் குறிப்பேட்டு நகல்களை விரிப்பார். ஆப்பிரிக்கக் கரையில் அது அடிமை வியாபாரிகளைத் துரத்தியது. "நல்லதும் செய்தது, ஐசே. அதையும் எழுதத்தான் வேணும்," என்பார்.

அதே கப்பல்தான் ஆறுகளுக்குள் புகுந்து ஊர்களைக் குண்டடித்துக் கொளுத்தியது. குறிப்பேட்டில் ஊர் எரிந்ததற்கு ஒரு வரி. தங்கள் பக்கம் சேதமில்லை என்று அடுத்த வரி. கடைசியில் அந்தக் கப்பலையும் உடைத்து விற்றார்கள். குண்டடித்த ஒவ்வொரு நாளுக்கும் அண்ணை தானாக ஒரு பக்கம் எழுதினார், கரையில் நின்றவர்களுக்காக. கால் பிய்ந்த மீனவன், கூரையோடு எரிந்த தாய், வயிறு கிழிந்த மாடு. ஏழு பக்கங்கள்.

என் சிற்றிதழில் கப்பலின் வரலாற்றை மட்டும் போட்டேன். அந்த ஏழு பக்கங்களையும் வெட்டி, "ஆதாரம் எங்கே?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். பெரிய இதழாசிரியர் அல்லவா நான்.

இதழோடு என் வீட்டுக்கு வந்தவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். உதடு கிழிந்து இரத்தம் வந்தது.

"ஆதாரமோ? ஊரிலை நேவி அடிச்ச செல் குண்டிலை என்ரை தங்கச்சி கடற்கரையிலை துண்டு துண்டாய்க் கிடந்தவள். உடுத்திருந்த சாரத்திலை கட்டித்தான் தூக்கினனான். எந்த நேவி அதை எழுதி வைச்சிருக்கு? சொல்லும்."

இருபது வருடப் பழக்கத்தில் அன்றுதான் அதைக் கேட்டேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "கட்டுரை வேறை, கண்ணீர் வேறை, அண்ணை," என்றேன். கையை எடுத்துவிட்டுப் போய்விட்டார்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி அந்தத் தாள்களைத் தந்தார். கடைசிப் பக்கத்தில், எங்கோ ஓர் ஆற்றங்கரையில், குண்டு விழ விழ ஒரு சிறுமி ஓடுகிறாள். அவளுக்குத் தமிழ்ப் பெயர்.

"ஆர் அக்கா இது?"

"அவரின்ரை தங்கச்சி. பதினொரு வயசு."

முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் ஏழு பக்கங்களும் வருகின்றன, ஒரு சொல்லும் வெட்டாமல். அவர் இருந்தபோது செய்திருக்க வேண்டியது. வெட்கமாக இருக்கிறது. அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சிறுமியின் பெயரை மட்டும்: வசந்தி.