தந்திக்கு ஒரு விலை

தாராவியில் எங்கள் தெருமுனையில் மேஜை போட்டு ரயில் டிக்கெட் விற்றான் ஒருவன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான், வெட்கக்கேடு. யார் யார் பெயரிலோ மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வான். ஒரே வண்டி, ஒரே மரப்பலகை, ஆளுக்கொரு விலை. மாட்டுங்கா ஆபீஸ்காரர் லீவுக்கு ஊர் போகக் கேட்டால் டிக்கெட் விலைக்கு மேலே இரண்டு ரூபாய். தோல் பட்டறை ஆள் கேட்டால் ஐந்து. ஊரில் யாருக்கோ மோசம் என்று தந்தியோடு வந்தவனுக்கு இருபத்தைந்து. அவனால் அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாதே.

எங்கள் ஜனங்களின் மடத்தனத்தை என்ன சொல்ல. தந்தி வந்தால் நேரே அவனிடம்தான் ஓடுவார்கள். இங்கிலீஷை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும், ஆறுதல் சொல்லவும் ஆள் வேண்டும். அந்தப் பாவி இரண்டையும் செய்வான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்து, "அடப் பாவமே, பெத்த அம்மைக்கா?" என்று உச்சுக்கொட்டிவிட்டுத்தான் விலையைச் சொல்வான். இவர்கள் அவனைக் கும்பிட்டுவிட்டு வட்டிக்கு வாங்கப் போவார்கள்.

எனக்கும் தந்தி வந்தது. அப்பாவுக்கு மோசம், உடனே புறப்படு. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும், இவன் தயவு வேண்டியதில்லை. ஆனால் கையில் டிக்கெட் காசுக்கு மேல் ஐந்து ரூபாய்தான் இருந்தது. தந்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். முகம் கழுவி, தலை சீவி, வெற்றிலை போட்டுக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, தங்கச்சிக்கு நிச்சயம் வச்சிருக்கு. நாளைக்கு வண்டில இடம் இருந்தாக் குடுங்க. இல்லன்னா அடுத்த வாரம் போயிக்கிடுதேன்."

"அவசரம் ஒண்ணும் இல்லயே தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் வெற்றிலையை மென்றுகொண்டே நின்றேன். பிறகு இழுப்பறையைத் திறந்து டிக்கெட்டை எடுத்தான்.

"நாளைக்கே இருக்கு. மேல அஞ்சு ரூவா குடு. அப்பா எப்படி இருக்காவ?"

"நல்லா இருக்காவ."

"மகளுக்கு நிச்சயம்னா அவருக்கு இருப்புக் கொள்ளாதே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான் ஊர் போய்ச் சேருவதற்கு முந்தின நாளே அடக்கம் முடிந்திருந்தது. அந்த ஈனப்பயலை நான் இன்றைக்கும் வாயாரத் திட்டுகிறேன். என்ன திட்டி என்ன? அப்பா சாகக் கிடந்த நேரத்தில் "நல்லா இருக்காவ" என்று சிரித்துக்கொண்டே சொன்னவன் நான்.