ஆறடியார் குளம் வெட்டினார்

ஆறடியாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. கல்லறைத் தோட்டத்தில் ஆறடிக் குழி வெட்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்துக் கூப்பிட்டார்களே தவிர, யார் வீட்டு விசேஷத்திலாவது அவர் தலை தெரிந்தால் பேச்சு ஒருகணம் தடுமாறித்தான் தொடரும். டீக்கடைக்குள் நுழைந்தால், "என்ன ஆறடியாரே, யாருக்கு அளவெடுக்க வந்தீங்க?" என்று ஒரு குரல் கிளம்பும். அவரும் சிரித்துவைப்பார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. அவர் வெட்டும் சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கும். கடைசியாக உள்ளே இறங்கி, நான்கு பக்கமும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். வேர்முனை ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். "உள்ள போறவருக்கா தெரியப்போவுது?" என்று காவலாளி ஒருமுறை கேட்டார். "எனக்குத் தெரியுமே" என்றார் ஆறடியார்.

ஓய்வு பெற்றதும் வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சில நாள் உட்கார்ந்திருந்தார். எதை நட்டாலும் வேர் அழுகிப்போகும் சொதசொத நிலம் அது. ஒரு மாலை மனைவியிடம் சொன்னார்: "கெளுத்தி வளக்கப் போறேன். இங்கயே குளம் வெட்டி."

அந்த அம்மாள் மாணவர் விடுதியின் சமையலறையில் வேலை பார்ப்பவர். கத்தியும் கூர்மை, வாயும் கூர்மை. "இத்தன வருஷம் தோண்டுனது பத்தலையாக்கும்?"

"நான் வெட்டுன எந்தக் குழியில இருந்தும் எதுவும் மேல வந்ததில்ல. ஒண்ணுலயாவது வரணும்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வந்தா மட்டும் யாரு திம்பா? நான் யாரு பொண்டாட்டின்னு விடுதியில தெரிஞ்சா, நான் ஆக்குனத தொடமாட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கல. நம்ம வீட்டத் தவிர ஒரே ஒரு வீட்டு அடுப்புல உங்க மீன் ஏறட்டும். அப்புறம் பேசுங்க."

"ஏறும்" என்றார் ஆறடியார்.

தனியாளாகவே வெட்டினார். மண் அவருக்குப் பழக்கமானது. வெட்டி முடித்தபோது குளம் பார்க்க அழகாக இருந்தது. செங்குத்துச் சுவர்கள், பெட்டி மடித்தாற்போல் மூலைகள். தண்ணீர் விட்டார். பாதி நிறைவதற்குள் ஒரு பக்கச் சுவர் பெருமூச்சு விடுவதுபோல் சரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கமும் சரிந்தது. கடைசியில் மிஞ்சியது சேற்றுக் குட்டைதான்.

மீன்குஞ்சு விற்பவர் இடம் பார்க்க வந்தார். வெளியூர்க்காரர், இவரைத் தெரியாது. மிஞ்சி நின்ற ஒரு மூலையைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "என்னங்க இது, மீன வளக்கப் போறீங்களா, பொதைக்கப் போறீங்களா? குளத்துக்குக் கரை சாஞ்சு இறங்கணும். தண்ணி உள்ளுக்குள்ள இருந்து அசைஞ்சுக்கிட்டே இருக்குமில்ல? நேரா நின்னா எந்த மண்ணு தாங்கும்?"

ஆறடியார் வெட்டிய குழி எதுவும் இவ்வளவு நாள் திறந்து கிடந்ததில்லை. அன்றே வெட்டி அன்றே மூடும் குழிகள். அசையும் எதற்காகவும் அவர் கை வெட்டிப் பழகியதில்லை.

மறுபடி தொடங்கினார். சரித்து வெட்டுவது நேராக வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கவனம் சற்றுப் பிசகினாலும் மண்வெட்டி தானாக நிமிர்ந்து செங்குத்தாக இறங்கிவிடும். "இந்தக் கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று தன் கையையே திட்டினார். மனைவி விடுதியிலிருந்து வந்ததும் கரைமேல் நின்று, "அந்தப் பக்கம் பழைய வேல தெரியுது" என்று கை நீட்டிக் காட்டுவார். அங்கே போய்ச் செதுக்குவார்.

கரை நின்றது. சுண்ணாம்பு தூவிக் காயவிட்டு, சாணம் கரைத்து, தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் மெல்லப் பச்சை பிடித்த பிறகு குஞ்சுகள் வந்தன. பையோடு குளத்தில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தார். பையின் வாயைச் சாய்த்ததும் கறுப்பு மை சிந்தியதுபோல் அவை இறங்கி மறைந்தன. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. "செத்துப்போச்சோ?" என்று மனைவியைக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாத சாவா?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்போது நீர்ப்பரப்பில் ஒரு சின்ன வாய் திறந்து, காற்றை ஒரு விழுங்கு விழுங்கிவிட்டுக் கீழே போனது. பிறகு இன்னொன்று. ஆறடியார் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை மனைவி பார்க்காததுபோல் இருந்தார்.

கெளுத்தி வேகமாக வளர்ந்தது. பெரியது சின்னதை விழுங்கிவிடும் என்பதால், அவ்வப்போது வலையில் அள்ளி, அளவு பார்த்துப் பிரித்து, சின்னவற்றைத் தனித் தொட்டியில் விட்டார். முள் குத்தி விரல் வீங்கியது. விற்கும் பருவம் வந்ததும் சந்தை மீன்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மீன்காரம்மா ஒன்றைத் தூக்கி அமுக்கிப் பார்த்து, "தங்கமா வளத்திருக்கீங்க அண்ணே" என்றாள். பிறகு தயங்கினாள். "ஆத்து மீன்னு சொல்லி வித்துத் தரட்டுமா? உங்க குளம்னு சொன்னா... நான் ஒண்ணும் நெனைக்கல, ஊரு வாய்தான்."

"என் குளம்னு சொல்லித்தான் விக்கணும்."

"சொன்னா ஈ ஓட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

"அப்ப வேணாம்மா."

அவள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டார். "வீம்பு எதுக்குங்க? அடுப்புல ஏறுனா சரின்னுதானே சொன்னேன்?"

"பொய் சொல்லி ஏறுனா அது என் மீன் இல்லியே" என்றார். தெருவைப் பார்த்த பக்கம் ஒரு பலகையை நட்டார். 'கெளுத்தி. இங்கே வளர்த்தது. தூண்டில் போட்டும் பிடிக்கலாம்.' பார்ப்பவர்கள் படித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். மீன்கள் பெருத்துக்கொண்டே போயின. தீவனம் போடும் மாலைகளில் அவர் காலடி கேட்டாலே தண்ணீர் கொதித்தது. சாப்பிட ஆளில்லாத மீன்களுக்குத் தீனி போடுவது என்ன பிழைப்பு என்று அவருக்கே தோன்றத் தொடங்கியது.

ஒரு ஞாயிறு பிற்பகல் ரொட்டிக்கடைக்காரர் தூண்டிலோடு வந்து நின்றார். அதிகம் பேசாதவர். பல வருடங்களுக்கு முன் காய்ச்சலில் போன அவருடைய மகளுக்கு ஆறடியார்தான் குழி வெட்டினார். இருவரும் அதற்குப் பிறகு நேருக்கு நேர் நின்றதில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் ஆறடியார்தான் ஒதுங்கிப்போவார்.

"போடலாமா அண்ணே?"

"போடுங்க."

தக்கை மிதந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் திரும்பாமலே சொன்னார்: "அன்னிக்கு உள்ள எட்டிப் பார்த்தேன். ஒரு வேர்கூட நீட்டிக்கிட்டு இல்ல. வழவழன்னு இருந்துச்சு. அவளுக்கு எதுவும் குத்தாதுன்னு... யாரோ யோசிச்சு வெட்டிருக்காங்கன்னு தோணுச்சு. வந்து சொல்லணும்னு நெனைப்பேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

தக்கை சட்டென்று முங்கியது. "இழுங்க, இழுங்க!" என்று கத்தியபடி ஆறடியாரே சேற்றில் இறங்கிவிட்டார். மீசை துடிக்க வெளியே வந்தது முழங்கை நீளக் கெளுத்தி.

"எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்."

"காசு வாங்கிக்குங்க. சும்மா கொண்டுபோனா வீட்டுல திட்டுவா." பணத்தைக் கையில் திணித்தவர் போகாமல் நின்றார். "நீங்களும் வாங்க. நீங்க உக்காந்து சாப்பிடாம அவ ஆக்கமாட்டா. வரும்போதே சொல்லிட்டா."

அந்த வீட்டை அடைந்ததும் ஆறடியார் வழக்கம்போல் பக்கச் சந்தில் திரும்பி, கால் கழுவ வெளிக்குழாயைத் தேடினார். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சன்னல் வழியாக ரொட்டிக்கடைக்காரரின் மனைவி பார்த்துவிட்டார். "அண்ணே, அங்க குழாய் இல்ல. உள்ள வாங்க."

சமையலறை மேசையில் மூன்று தட்டுகள். வறுபட்ட மீனின் வாசனை அறையை நிறைத்திருந்தது. அந்தப் பெண் ஒரு துண்டை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாக விலக்கித் தட்டோரம் வைத்தார். ஆறடியார் தன் தட்டைத் தொடாமல் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மீனை வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

பிறகு சட்டியை நோக்கிக் கையை நீட்டி, கணவரிடம், "வால் துண்டு இருக்குல்ல, அத எனக்குப் போடுங்க" என்றார்.

ஆறடியார் தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.