மார்பளவு நாற்பது, கண்ணீர் தனி

அந்தத் தையல் கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரை நான் முதலில் பார்த்த அன்று, கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளையின் மார்பில் டேப்பைச் சுற்றியபடி அவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அளவு மட்டும் பிசகவில்லை. "மார்பு நாற்பது," என்று விக்கலுக்கு நடுவே சொல்லிக் குறித்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏன் மாஸ்டர், பொண்ணு உங்களுக்குத் தெரிஞ்சவளா?"

"யாருன்னே தெரியாது தம்பி. கைய இறக்குங்க."

நான்கு மாதத்துக்கு முன் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கை, கால், பேச்சு எல்லாம் தேறி வந்தன. கூடவே இந்த அழுகையும் ஒட்டிக்கொண்டது. யாராவது கதவைத் திறந்தால் அழுகை, டீ கொடுத்தால் அழுகை. மனதுக்குள் எதையோ பூட்டி வைத்திருக்கிறார் என்று மனைவி துருவித் துருவிக் கேட்டார். "எங்க மேல வருத்தமா மாமா?" என்று மச்சான் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் சொன்னது வேறு. வருத்தப்படுவதும் அழுவதும் மூளையில் ஒரே வேலை இல்லை. அழுகையை அடக்கிவைக்கும் பாதை அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் யாரும் நம்பவில்லை. கண்ணீர் வந்தால் கவலை இருந்தே தீரும் என்பதுதான் ஊர் முழுக்க நினைப்பு.

முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். மாப்பிள்ளை போனதும் மாஸ்டரின் கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "மனசு ஒடைஞ்சு போயிருக்கீங்க மாஸ்டர். இந்த நிலைமைல எப்படித் துணியக் குடுக்கறது? மனசு தேறினதும் வாங்க."

இருபத்திரண்டு வருடம் நின்ற மேசை அது. மாஸ்டர் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"முதலாளி, இப்பதான் எனக்கு நெஜமாவே வருத்தம். கண்ணப் பாருங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"அந்தக் கோட்ட நானே வெட்டறேன். ஒரு நூல் தப்பினாலும் நாளைலேர்ந்து வரமாட்டேன்," என்றார் மாஸ்டர். முதலாளி இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை நீட்டினார்.

துணி நனையாமலிருக்க கண்ணுக்குக் கீழே துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வெட்டினார். பாதியில் வழக்கம்போல அழுகை வந்தது. கத்தரியை நிறுத்தினார், அழுது முடித்தார், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். முதலாளி தன் டேப்பால் இரண்டு தடவை அளந்தார். ஒரு நூல்கூடத் தப்பவில்லை. இழுப்பறை திறந்தே கிடந்தது. அதை மறுபடி யாரும் பூட்டவில்லை.

இப்போதும் அதே கடை, அதே மேசை. அழுகை வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைந்திருக்கிறது. டேப்பை எடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்: "நடுவுல அழுதாலும் அழுவேன், நீங்க ஆடாம நில்லுங்க."