தொப்புள் தெரிந்த பனியன்கள்

பிசிறு வெட்டுகிறவளை யாரும் பார்ப்பதில்லை; ஒரு பிசிறு நின்றுவிட்டால் மட்டும் ஊரே பார்க்கும். இதுதான் எங்கள் பனியன் தொழில். இதை எழுதும்போதும் மடியில் ஒரு கட்டு பனியன் கிடக்கிறது. ஒன்றை வெட்டிப் போட்டுவிட்டு ஒரு வரி எழுதுகிறேன், அடுத்ததை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த வரி. வேறு வேலை வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைப் பிசிறு என்னை விட்டபாடில்லை. அஞ்சாவது வரைதான் படிப்பு, எழுத்து கோணலாக இருக்கும். ஊசியும் நூலுமாகக் குப்பை கொட்டுகிற சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும் என்று சொல்கிறேன்.

காணாமல் போன மூன்று பனியன்கள்

கோயமுத்தூரில் காலேஜ் பையன்களுக்கு அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி என்றார்கள். எங்கெங்கோ வடக்கிலிருந்தெல்லாம் டீம் வருகிறது, அந்த ஊர்க் காலேஜுக்குப் பனியன் நம் கம்பெனிதான் என்று முதலாளி ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்தார். பச்சைப் பனியன், கையில்லாதது, முன்னும் பின்னும் மஞ்சள் நம்பர். நம்பரை மெஷினில் வைத்துத் தைத்தால் துணி சுருக்கம் விழுகிறது. அதனால் கையால் தைக்கிற வேலை பிசிறு வெட்டுகிற என்னிடம் வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் கம்பெனியில் மெஷினில் உட்காருவது ஆம்பிளைகள் மட்டும்தான். எங்களுக்குப் பிசிறும் மடிப்பும். எனக்கோ அந்த ஜன்னலோரத்து மூணாவது மெஷின்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். டெய்லர்கள் மத்தியானம் சாப்பிடப் போனதும் கழிவுத் துணியை வைத்து ஓட்டிப் பார்ப்பேன். செக்கிங் ருக்மணி அக்கா வாசலில் நின்று இருமினால் எழுந்து ஓடி வந்துவிடுவேன். இது எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நம்பர் துணியைக் கொடுக்கும்போது கட்டிங் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, "இதச் சுத்தமாப் பண்ணிக் குடு அம்மிணி, மெசினப் பத்தி மொதலாளிகிட்ட ஒரு வார்த்த போட்டுப் பாக்கறேன்" என்றார். எனக்குக் காது சுட்டுவிட்டது.

நாலிலிருந்து பதினைந்து வரை பன்னிரண்டு நம்பர். அந்த ஆட்டத்துக்கு அப்படித்தானாம். ஒரு வாரம் உட்கார்ந்து தைத்து, வரிசையாக அடுக்கி வைத்தேன். முதலாளி வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அவர் எதிரில் வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எல்லாம் சரி மாஸ்டர், ஒண்ணு, ரெண்டு, மூணு எங்கீங்க? எவன் எடுத்துப் போட்டுக்கிட்டுத் திரியறான்?"

கல்யாணம் பேசாத உயரம்

போட்டிக்கு மூன்று நாள் முந்தி பையன்கள் பனியனைப் போட்டுப் பார்க்க வந்தார்கள். கம்பெனி வாசல் நிலைக்குள் ஒவ்வொருத்தனும் குனிந்து குனிந்து வந்தான். எல்லாம் ஒட்டடைக் கம்பு மாதிரி ஒல்லி, ஆனால் உயரமோ தலை விட்டத்தில் இடிக்கிறது. அப்போதே நான் அடுக்கி வைத்த பனியன்களைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பனியனுக்கு அளவு என்றால் நெஞ்சளவு ஒன்றுதான். எண்பத்தைந்து என்றால் எண்பத்தைந்துக்கு உண்டான நீளம் தானாக வந்துவிடும், யாரும் கேட்கவே மாட்டார்கள். காலேஜ்காரர்கள் பாவம், நெஞ்சளவுக்குப் பக்கத்தில் ஒவ்வொருத்தன் உயரத்தையும் எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள். கடுதாசி வந்த அன்று மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஒசரம் எதுக்குங்க, நாம என்ன பொண்ணா குடுக்கப் போறோம்?" என்று சிரித்தார். நாங்களும்தான் சிரித்தோம்.

கேப்டன் பையன் எட்டாம் நம்பரை மாட்டினான். நெஞ்சுக்கு அச்சடித்த மாதிரி இருந்தது. கீழே தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. பந்து போடுகிற மாதிரி கையைத் தூக்கினான். பனியன் விலா எலும்புக்கு ஏறிவிட்டது. செக்கிங் மேஜையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் நம்பரெல்லாம் போச்சு, மெஷினும் போச்சு என்றுதான் மனசில் ஓடியது. கேப்டன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான், பிறகு முதலாளியைப் பார்த்தான்.

"அண்ணா, எதிர் டீம்காரன் பந்தப் பாக்க மாட்டானுங்க, என்ற தொப்புளத்தான் பாப்பான்!"

ஒட்டு

பச்சைத் துணி ஒரு முழம்கூட மிச்சமில்லை. புதிதாகச் சாயம் போட்டு, காயவைத்து, வெட்டித் தைக்க ஒரு வாரம் ஆகும். மழை மூட்டம் வேறு. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "கோயமுத்தூர்ல போயி எப்படி மூஞ்சியக் காட்டுவேன்" என்று ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். நம்பருக்கு வாங்கிய மஞ்சள் துணி மட்டும் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

என் மகளுக்குப் போன வருஷப் பாவாடை குட்டையானபோது அடியில் வேறு துணி ஒட்டுக் கொடுத்தேன். அதே யோசனைதான். பனியன் துணி குழாய் மாதிரி வருகிறது, பக்கத்தில் தையல் கிடையாது. மஞ்சளும் அதே சுற்றளவு. ஒரு சாண் உயரத்துக்கு வளையமாக வெட்டி அடியில் சேர்த்தால் முடிந்தது. கழுத்துக்கும் கைக்கும் அதே மஞ்சளில் பட்டி வைத்துவிட்டால் ஒட்டு என்று யாருக்குத் தெரியும்? இதை முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. மாஸ்டர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அவர் திரும்பி, "சத்தமாச் சொல்லு அம்மிணி" என்றார். சொன்னேன். என் சத்தத்துக்கு நானே பயந்துவிட்டேன்.

டெய்லர் நாச்சிமுத்து அண்ணன்தான் எங்களில் பெரிய கைகாரர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒட்டுப் போட்ட பனியனத் தெச்சு என்ற பேரக் கெடுத்துக்க முடியாதுங்க. அதெல்லாம் ஊட்டுல பொம்பளைங்க பண்ற வேல" என்று சொல்லி டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். மற்ற டெய்லர்களும் பின்னாலேயே போனார்கள். மாஸ்டர் மூணாவது மெஷின் ஸ்விட்சைப் போட்டு, "அதான் சொல்லிப்போட்டானே, பொம்பளைங்க வேலைன்னு. உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கம்பெனிக்குக் கூடவே கூட்டி வந்திருந்த என் மகளை ருக்மணி அக்கா இடுப்பில் வாங்கிக்கொண்டாள். முதல் வளையம் கொஞ்சம் கோணிக்கொண்டது. பிரித்துத் திரும்பப் போட்டேன். இரண்டாவது நேராக ஓடியது. அன்றும் மறுநாளும் தலை நிமிரவில்லை. டீக்கடையிலிருந்து திரும்பியவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். முதலாளியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் மாஸ்டரிடம் ரகசியமாகக் கேட்டது எனக்கும் கேட்டுவிட்டது.

"ஏனுங்க மாஸ்டர், இந்தப் புள்ள மெசின எப்ப பழகுச்சு?"

இழுத்தான் ஒருத்தன்

கடைசி ஆட்டத்துக்கு முதலாளி எங்களையும் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். உள்ளூர் காலேஜ் ஜெயித்து ஜெயித்துக் கடைசி வரை வந்திருந்தது. சாயங்கால வெயிலில் அந்த மஞ்சள் பட்டி ஜொலித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், "டிரெஸ்ஸு ஜோரா இருக்குதே, பம்பாய்ல தெச்சதா?" என்று பேசிக்கொண்டார்கள். எதிரில் வடக்கத்தி டீம். இவர்களைவிட ஒரு சாண் உயரம், தடிமனும் ஜாஸ்தி.

ஆட்டம் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், நான் என் தையலைப் பார்த்தேன். யாராவது எகிறினால் என் உயிர் அந்த ஒட்டில் போய் நிற்கும். அவிழ்ந்தால் இத்தனை ஜனம் முன்னால், நாச்சிமுத்து அண்ணன் முன்னால், என் கதை அத்தோடு சரி. கடைசி நிமிஷம். நம்மவர்கள் ஒரு பாயிண்ட் பின்னால் என்று ருக்மணி அக்கா விரலைக் காட்டினாள். கேப்டன் பந்தோடு கூடைக்கு எகிறினான். பின்னாலிருந்து ஒரு தடியன் பனியனைப் பிடித்து இழுத்தான். மஞ்சள் பட்டி ஒரு முழத்துக்கு நீண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விசில் கேட்டது. திறந்து பார்த்தால் பட்டி இருந்த இடத்தில் இருக்கிறது, ஒரு நூல் போகவில்லை. அவன் இழுத்தது, பச்சைக்குக் கீழே மஞ்சளாக நீண்டதில், நடுவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டதாம். கேப்டனுக்கு இரண்டு முறை சும்மா நின்று பந்து போடக் கொடுத்தார்கள். இரண்டும் விழுந்தன. ஒரே பாயிண்டில் கோப்பை நம்முடையது! ஜனம் எழுந்து நின்று கத்தியது. ருக்மணி அக்கா என் மகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அந்தத் தடியனைப் பார்த்துக் கத்தியதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"இழுடா இழு! டில்லி வரைக்கும் இழுத்துட்டுப் போ, அது எங்க அம்மிணி போட்ட தையலு!"

எத்தனை விரற்கடை?

அடுத்த மாதம் மூன்று காலேஜ்காரர்கள் கம்பெனிக்கு வந்தார்கள். எங்களுக்கும் அந்த மஞ்சள் பட்டி டிசைனே வேண்டும் என்றார்கள். முதலாளி கொஞ்சமும் கூசாமல், "அது நம்ம கம்பெனி ஸ்பெசலுங்க, ரொம்ப நாள் யோசனை பண்ணிக் கொண்டாந்தது" என்று சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். மூணாவது மெஷின் எனக்கென்று ஆனது அன்றுதான்.

வேலை அதிகமானதும் நாச்சிமுத்து அண்ணனுக்கும் அதே டிசைன்தான் வந்தது. முதல் வளையத்தைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மாஸ்டர் பக்கம் போகவில்லை. கம்பெனியில் ஒருத்தருமே எழுந்து போகாமல் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க, என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். அதுவரை என்னை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்க அம்மிணி, மடிப்புக்கு எத்தன வெரக்கடை விட்டீங்க?"

ஆக, இந்தத் தொழிலில் நான் கண்டது ஒன்றுதான்: முதலாளி தப்பு செய்தால் அதற்கு டிசைன் என்று பேர், டெய்லர் தப்பு செய்தால் அதற்கு ஆல்ட்டர் என்று பேர், அதையே பிசிறு வெட்டுகிறவள் செய்தால்... இருங்கள், பக்கத்து வீட்டிலிருந்து ருக்மணி அக்கா கத்துகிறாள், "அம்மிணீ, அடுப்புல பாலு பொங்குற வாசம் இங்க வருதே!" என்று, நான் ஓடிப்போய் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து மீதியைச் சொல்கிறேன்.