வாசலில் கேட்ட ஸலாம்

கடந்த டிசம்பர் பதினோராம் திகதி, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். கல்முனையில் விடியற்காலை தொடங்கிய மழை இன்னும் விடவில்லை, வாடைக்காற்று வேறு. நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியன். மசாஜ் தொழில் பழகும் பெண்கள் பதினெட்டுப் பேருக்கு வாரத்தில் ஒரு நாள் உடலைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். அன்றைய பாடம் அகஞ்சுரக்கும் சுரப்பிகளும் ஓமோன்களும்.

இரண்டு சேர்ட், அதற்கு மேல் ஸ்வெட்டர், கழுத்தில் சால்வை என்று போயிருந்தேன். மழைக்காக என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஓகஸ்ட் வெயிலிலேயே எனக்குக் குளிரத் தொடங்கிவிட்டது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கை கொடுத்தபோது மீன் வியாபாரி ஒருவர், "என்ன சேர், ஐஸ் பெட்டிக்குள்ள கைய உட்டுட்டா வாறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். வயது என்று நானும் சிரித்துவிட்டேன்.

குளிரைவிடப் பெரிய விசயமொன்றை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி வபாத்தான பிறகு நான் தனியாள். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். அந்தியில் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து கதவைச் சாத்தினால், வாசலில் யாரோ ஸலாம் சொல்வார்கள். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத கரகரத்த குரல். பதில் சொல்லிக்கொண்டே திறப்பேன். முற்றத்து ஈர மணலில் என் செருப்புத் தடம் மட்டும் கிடக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. ஜின்னாகவே இருந்தாலும் அதுதானே முதலில் சொல்லிவிட்டது? பதில் சொல்லவும் பயம், சொல்லாமல் விடவும் பயம். அந்த வகுப்புக்கு முந்தின நாள் மாலையோடு, ஒரு மாதத்தில் முப்பத்தொரு பதில் சொல்லியிருந்தேன்.

வகுப்பில் மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பியை முடித்துக்கொண்டு தைரொயிட்டுக்கு வந்தேன். அது கழுத்தில் இருக்கிறது, உடம்பின் அடுப்பு மாதிரி, அதன் ஓமோன் குறைந்தால் முழு உடம்பும் தணிந்துபோகும் என்று சொல்லி அறிகுறிகளை அடுக்கினேன். குளிர் தாங்காது. தோல் வரளும். கண்ணுக்குக் கீழே ஊதும். குரல் கரகரக்கும். பேச்சு இழுபடும். புருவத்தின் வெளிப்பாதி கொட்டும்.

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினெட்டுப் பேரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த விதத்தில், எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதாகத் தோன்றியது. திரும்பினேன். கரும்பலகை மட்டும்தான்.

முன்வரிசையில் இருந்த, பிள்ளைகுட்டிக்காரியான மாணவி ஒருவர் எழுந்தார்.

"சேர், ஒண்டு செல்லட்டா? கோவிக்கப்படா."

"செல்லுங்க மகள்."

"ஒங்கட புருவத்துல பாதியக் காணல்ல சேர்."

பின்னால் யாரோ, "சும்மா இரி கா, சேருக்கிட்டப் போய்..." என்று அதட்டியது கேட்டது.

"சும்மா இரிக்க ஏலா. வாற ஆக்களுக்கு மருந்து செல்லப்படா, ஆனா ஒடம்புல கண்டத்த மறைக்கவும் படாதெண்டு சேர்தானே படிச்சித் தந்த? ரெண்டு மாசமா எல்லாரும் கண்டுதான் இரிக்கம். மரியாதைக்காகச் செல்லல்ல."

ஆண்களாக இருந்திருந்தால் யாராவது என் கையைப் பிடித்து நாடி பார்த்திருப்பார்கள். இவர்கள் அந்நிய ஆணைத் தொட மாட்டார்கள். அந்தப் பெண்ணே வழி சொன்னார்.

"நீங்களே நாடியப் பிடிச்சி எண்ணுங்க சேர். நான் மணி பாக்கன்."

மணிக்கட்டில் விரலை வைத்தேன். எண்ணினேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில், இனி வராதோ என்று காத்திருக்க வேண்டியிருந்தது. நிமிடம் முடிந்தபோது நாற்பத்து நான்கு; அறுபதுக்குக் குறையக் கூடாதது.

"மணிக்கூடு பிழை" என்றேன்.

"மறுகாவும் எண்ணுங்க."

நாற்பத்து மூன்று.

அந்த மாணவியின் கணவருடைய ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், என் தைரொயிட் கிட்டத்தட்ட வேலையை நிறுத்தியிருந்தது. இப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் படுத்த படுக்கையில் எழும்பாமலே போயிருப்பேன் என்றார் டொக்டர். பிறகு சாதாரணமாக, "இல்லாத சத்தம் ஏதும் கேக்குதா ஐயா?" என்றார். அன்றுதான் அந்த ஸலாமைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தேன். அவர் சிரிக்கவில்லை. வயதானவர்களுக்கு இந்த நோயில் அப்படியும் வரும், மருந்தோடு போய்விடும் என்றார்.

வெறும் வயிற்றில் தினமும் ஒரு மாத்திரை. குளிர் விட்டது. புருவம் மெல்ல முளைக்கிறது. இன்று காலை நாடி அறுபத்தெட்டு. ஆறாவது வாரத்தோடு வாசல் குரலும் நின்றுவிட்டது.

அது நின்ற பிறகுதான் ஒன்று தெரிந்தது: அத்தனை மாதங்களில் உயிருள்ள ஒருவரும் என் வாசலில் வந்து ஸலாம் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் மஃரிப் முடிந்தால் காது வாசலில்தான் நிற்கிறது. உயிர் திரும்பக் கிடைத்ததற்கு நான் கொடுத்த மொத்த விலை, என்னைத் தேடி வந்த அந்த ஒரேயொரு ஸலாம்.