கட்சாலில் இறங்க மறுத்தவர்கள்

1. இன்னும் ஐந்து நிமிடம்

நிக்கோபாரில் கட்சால் தீவு ஜெட்டியில் கப்பலைக் கட்டி, ஏறியிறங்கும் பலகையான கேங்வேயை இறக்கி, இருபது நிமிடம் ஆகியும் ஒரு பயணிகூட இறங்கவில்லை. பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு சீஃப் ஆபீசர் வாசலில் நிற்கிறார். ஜெட்டியில் உறவினர்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார்கள். மேலே கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் கேப்டன் எட்டி எட்டிப் பார்க்கிறார். கட்சாலுக்கு டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் கீழே படுக்கை வரிசைகள் உள்ள பங்க் ஹாலில், மூட்டை முடிச்சுகளை மடியில் வைத்துக்கொண்டு, டி.வி.யையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் ரிமோட்டும் கையுமாக நானும் நின்றுகொண்டிருந்தேன்.

முப்பத்தோரு வருஷம் தீவுக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இப்போது ஓய்வுபெற்று போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் இருக்கிறேன். கப்பலில் எலக்ட்ரீஷியனை ‘பத்தி சாப்’ என்பார்கள், விளக்குக்காரர் என்று அர்த்தம். பல்பு எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மைக் வேலை செய்யவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பங்க் ஹால் டி.வி.யும் என் பொறுப்புதான். துறைமுகம் நெருங்கி பிரிட்ஜிலிருந்து ‘ஸ்டாண்ட்பை’ வந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, இறங்க வேண்டியவர்களை மைக்கில் அழைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும் வேலை.

அன்றைக்கு நான் மைக்கில் அழைத்தேன். டி.வி.யை அணைக்கவில்லை. கப்பல் கட்டியதும் “இன்னும் அஞ்சு நிமிஷந்தான், முடிஞ்சிரும், உக்காருங்க” என்றும் சொன்னேன். திரையின் ஓரத்தில் மீதி நேரம் இருபத்தெட்டு நிமிடம் என்று காட்டியது. அதை நான் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். எனக்கும் அந்தக் கதை என்ன ஆகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

2. கடுதாசியை யார் எடுத்தது

அது ஒரு பழைய ஆங்கில நாவலை ஆறு பாகமாக எடுத்த தொடர். இந்தியில் டப் செய்தது. எங்கள் ரேடியோ ஆபீசர் மெயின்லேண்டிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அதுவரை கப்பலில் சண்டைப் படங்கள்தான் போடுவோம். படத்தில் அடிதடி நடக்கும்போது இங்கே பங்க் படுக்கைக்கும் அடிதடி நடக்கும். ஒரு மாறுதலுக்குப் போட்டுப் பார்ப்போமே என்று போட்டேன்.

கதையில் பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. கடலோரத்து ஊர். பெரிய வீட்டில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண், அவளை வளர்க்கும் அத்தை. அந்தப் பெண் ஒரு கப்பல்காரனை விரும்புகிறாள். அவன் கடலுக்குப் போகிறான். போனவனிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. வருஷங்கள் போகின்றன. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருக்கிறாள்.

போர்ட் பிளேரில் கப்பல் கிளம்பிய சாயங்காலம் முதல் பாகம் போட்டேன். பாதிப் பேர் படுத்துக்கொண்டே பார்த்தார்கள். மறுநாள் காலை கார் நிக்கோபார் தாண்டி மூன்றாம் பாகம் ஓடும்போது படுக்கை ஒன்றிலும் ஆள் இல்லை. வாந்திப் பை கேட்பவர்கள்கூட அன்று கேட்கவில்லை. பெரார்கஞ்சிலிருந்து மாற்றலாகிப் போகும் ஒரு பெங்காலி வாத்தியார், அந்தப் பெண் சாப்பாட்டில் மீனே இல்லை, பிறகு உடம்பு எப்படித் தேறும் என்று கவலைப்பட்டார். கேம்ப்பெல் பே போகும் ஒரு பஞ்சாபிப் பெரியவர், பையன் பட்டாளத்தில் சேர்ந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்றார். நிக்கோபாரிகளுக்குத்தான் கதையின் அடிப்படையே பிடிபடவில்லை. ஊருக்குக் கப்பல் வருகிறது. யார் இறங்கினார்கள், யார் இறங்கவில்லை என்று அவளிடம் சொல்ல ஒரு ஆள்கூடவா இல்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் தீவுகளில் கப்பலிலிருந்து ஒரு கோழி இறங்கினாலும் அது யார் வீட்டுக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும்.

கதையை முதல் பாகத்திலேயே பிடித்துவிட்டது ராசம்மா ஒருவர்தான். கட்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். தாய் தகப்பன் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கட்சாலில் குடியேறியவர்கள். தாய் வழியாகக் கேட்ட கதைகளில் துரைமார் வீட்டு விவகாரம் அவருக்கு அத்துப்படி. டி.வி.யில் அத்தை சிரித்தபடி வந்ததுமே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாய், அந்தத் தொரசாணி இடுப்புல சாவிக்கொத்தப் பாத்தீங்களா? எங்க அம்மா சொல்லும், தோட்டத்துல தப்பால் பை நேரா நம்ம கைக்கு வராதாம். மொதல்ல பங்களாவுக்குத்தான் போகுமாம். அவன் கடுதாசி போட்டுக்கிட்டுதான் இருக்கான். எல்லாம் இவகிட்டதான் இருக்கு.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை பாவம், நல்ல மாதிரித் தெரிகிறாள் என்றேன். நான்காம் பாகத்தில் அத்தை ஒரு கடிதத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியபோது ஹால் முழுக்க ஒரே கூச்சல். ராசம்மா கத்தவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று கொடுத்தார். தோற்றவனுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

ஐந்தாம் பாகத்தில் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வருகிறது. அப்போதுதான் கப்பல் கட்சாலில் கட்டியது. பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த இருபது நிமிடம் கழித்துத்தான் அவள் சாவியை எடுத்துக்கொண்டு, அத்தை அறைக்கு மாடிப்படி ஏறுகிறாள்.

3. மெமோ

கேப்டன் படி இறங்கி வந்தார். ஹரியானாக்காரர், அதிகம் பேசாதவர். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் டி.வி. பிளக்கைப் பிடுங்கினார். பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் பாதி மாடிப்படியில் நின்றுபோனாள். ஜனங்கள் எழுந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ராசம்மா கேங்வேயில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கப்பல் அரை மணி நேரம் தாமதம். கேம்ப்பெல் பே போய்ச் சேர்வதற்குள் எனக்கு மெமோ வந்துவிட்டது. ஸ்டாண்ட்பை கொடுத்த பிறகும் டி.வி. ஏன் ஓடியது, பயணிகள் ஏன் இறங்கவில்லை, விளக்கம் கொடு. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் டி.வி.யை நிரந்தரமாகக் கழற்றிவிடுவதென்றும், என்மேல் ஆபீசுக்கு எழுதுவதென்றும் கடைசி வரி.

என் சர்வீஸ் புத்தகத்தில் அதுவரை ஒரு புள்ளி கறுப்புக் கிடையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ரிட்டையர் ஆக மூன்று வருஷம் இருந்தது. பேனாவை எடுத்து, ஆபீஸ் ஆங்கிலத்தில் நறுக்கென்று நான்கு வரி எழுதினேன். பலமுறை அறிவிப்புச் செய்தும் பயணிகள் ஒத்துழைக்கவில்லை. அதுதான் சாரம். பயணிகளா வந்து மறுக்கப் போகிறார்கள்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

4. கனம் கேப்டன் துரை அவர்கள் சமூகத்துக்கு

திரும்பும்போது கப்பல் மறுபடி கட்சாலைத் தொட்டது. கேங்வே இறக்கியதும் ராசம்மா கீழே வந்து நின்றார். பின்னால் நாலைந்து பேர். கையில் ஒரு கவர். சீஃப் ஆபீசர் கையில் கொடுத்து, கேப்டனுக்கு என்றார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

கால் மணி நேரத்தில் எனக்குக் கேப்டன் அறையிலிருந்து அழைப்பு வந்தது. மேஜைமேல் நோட்டுத் தாளில் இரண்டு பக்கம், தமிழில். அந்தக் கப்பலில் அப்போது தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“பத்தி சாப், பூரா படோ” என்றார் கேப்டன். முழுசும் வாசி.

நான் வாசித்து இந்தியில் சொல்ல ஆரம்பித்தேன். ‘கனம் கப்பல் கேப்டன் துரை அவர்கள் சமூகத்துக்கு, கட்சால் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது’ என்று தொடங்கியது. கப்பலைத் தாமதப்படுத்தியதற்கு மன்னிப்பு. பிறகு, ஏன் இறங்க முடியவில்லை என்பதற்கு விளக்கம். விளக்கம் என்றால், முதல் பாகத்திலிருந்து ஐந்தாம் பாகம் வரை மொத்தக் கதை. சாவிக்கொத்து, பெட்டி, தைத்துக்கொண்டிருக்கும் பெண் எல்லாம் இருந்தது. கேப்டன் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். ஒரு இடத்தில் நான் மூச்சு வாங்க நிறுத்தினால், “ஃபிர்?” என்கிறார். பிறகு என்ன ஆச்சு.

‘தாய் தகப்பனில்லாத பிள்ளை மாடிப்படி ஏறுகிற நேரத்தில் நாங்கள் எப்படி இறங்கிப் போவது என்று துரை அவர்களே யோசித்துப் பார்க்கவும்.’

கேப்டன் யோசித்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். கண் முந்திக்கொண்டு ஓடியது, வாய் நின்றுவிட்டது.

‘நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம். பாய்தான் இன்னும் ஐந்து நிமிடம் என்று உட்காரச் சொன்னார். அவரும் எங்களோடு பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவர்மேல் புகாராகச் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷர். நாங்கள் சொல் பேச்சுக் கேட்காதவர்கள் என்று துரை நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.’

மேஜையின் ஓரத்தில் என் விளக்கக் கடிதம் கிடந்தது. ஒத்துழைக்கவில்லை என்ற வார்த்தை எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இந்த ஒரு பாராவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் போதும். கேப்டனுக்குத் தெரிய வழியே இல்லை. நாக்கை அசைக்காமல் இருக்க வேண்டியதுதான் வேலை. அப்போது எனக்கு அந்தத் தொரசாணியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. நான்காம் பாகத்திலிருந்து அவளை நாங்கள் திட்டாத திட்டு இல்லை. அதில் உரக்கத் திட்டியவன் நான். அவளும் இப்படித்தான், தன் வீட்டு மேஜையில், அடுத்தவருக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றிருப்பாள். வெட்கமாகிவிட்டது.

அந்தப் பாராவையும் வாசித்தேன். ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன். ‘நல்ல மனுஷர்’ என்பதை மட்டும் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதையும் சொன்னேன். பிறகு, மீதி இருபத்தெட்டு நிமிடம் இருந்தது எனக்குத் தெரியும் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

கேப்டன் பேனாவை எடுத்தார். என் விளக்கக் கடிதத்தை எடுத்து, அதன் மேலேயே சிவப்பு மையில் ‘எச்சரிக்கப்படுகிறார்’ என்று எழுதி, என் புத்தகத்தில் சேர்க்கச் சொன்னார். நான் வாசல் வரை போனதும் கூப்பிட்டார். மேஜை டிராயரைத் திறந்து பென்டிரைவை வெளியே வைத்தார். அடுத்த டிரிப்பில் கட்சாலில் சரக்கு இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். இரண்டு மணி நேரம் என்றேன். பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு, ஜெட்டி ஷெட் வரைக்கும் உன் கேபிள் எட்டுமா என்றார்.

5. ஜெட்டி ஷெட்டில் மீதிக் கதை

கேபிள் எட்டியது. எட்டாவிட்டால் நான் பல்லால் இழுத்திருப்பேன். அடுத்த டிரிப்பில் கட்சாலுக்கு வந்தவர்கள், ஸ்டாண்ட்பை அறிவிப்பு வருவதற்கு முன்பே மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். கேங்வே அவ்வளவு சுருக்காகக் காலியானதை என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன். டி.வி.யை நாலு பேர் தூக்கி ஷெட்டில் வைத்தோம். வெயில் அடிக்காமல் இருக்க சரக்கறை வாயான ஹேட்ச்சை மூடும் தார்ப்பாயைக் கட்டினோம். தோட்டத்தில் பால் எடுத்து முடித்த கையோடு ஜனங்கள் வந்துவிட்டார்கள். நிக்கோபாரிகள் பாய் கொண்டுவந்து விரித்தார்கள். கதை முன்னால் தெரியாதவர்களுக்கு ராசம்மா சொல்லி முடித்த பிறகுதான் நான் சுவிட்ச் போட முடிந்தது.

மாடிப்படியில் நின்ற பெண் மீதிப் படிகளை ஏறினாள். பெட்டி திறந்தது. நாடா கட்டிய கடிதங்கள், அடுக்கடுக்காக. எனக்குப் பக்கத்தில் எங்கள் சீஃப் குக் கரண்டியோடு நின்று மூக்கை உறிஞ்சினார். அவர் எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது.

ஆறாம் பாகத்தில் அத்தை அழுகிறாள். பெண் மன்னித்துவிடுகிறாள். இதை மட்டும் கட்சால் ஏற்கவில்லை. ஷெட்டில் பெரிய வாக்குவாதம். ராசம்மாதான் முடித்துவைத்தார்.

“மன்னிச்சா மன்னிச்சிக்கட்டும், பெத்தவ மாதிரி வளத்தவ. ஆனா சாவிய மட்டும் இனிமே அவ கையில குடுக்கப்படாது.”

கடைசிக் காட்சியில் ஒரு கப்பல் வந்து, பலகை இறங்கி, அந்த மனிதன் நரைத்த தலையோடு இறங்கினான். ஷெட் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. அதே நேரம் எங்கள் கப்பல் ஹாரன் அடித்தது. முதல் ஹாரன், இரண்டாவது ஹாரன். ஒருவரும் நகரவில்லை. இந்தத் தடவை நகராதவர்கள் கப்பல்காரர்கள். குக், இரண்டு மாலுமிகள், என்ஜின் ரூம் ஆள் ஒருத்தர், டிக்கெட் பார்க்கும் பர்சர், எல்லாரும் அங்கேதான். ராசம்மா எழுந்து முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக எங்களை விரட்டினார்.

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது வாக்கி-டாக்கி கரகரத்தது. பிரிட்ஜிலிருந்து கேப்டன். தாமதத்துக்குத் திட்டப்போகிறார் என்று காதில் வைத்தேன்.

“பத்தி சாப், சிட்டி மிலி க்யா?” என்றார். கடிதம் கிடைத்ததா.

கிடைத்துவிட்டது சார், எல்லாமே கிடைத்துவிட்டது என்றேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள், மெமோ வந்தால் எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. நடந்ததை எழுதுங்கள், அதற்கு ஆங்கிலமும் கம்மியாகத்தான் தேவைப்படும் என்பேன். அந்தச் சிவப்பு மை இன்னும் என் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வேறு தமிழர்களும் அந்தக் கப்பலில் வேலைக்கு வந்தார்கள். ஆனாலும் நான் ரிட்டையர் ஆகும் வரை, தமிழில் எந்தக் கடிதம் வந்தாலும் கேப்டன் வாசிக்கக் கூப்பிட்டது என்னைத்தான். என்மேல் வந்த புகார்களையும் சேர்த்து.